ஒரு சாவியின் பதின்மூன்று ஆண்டுகள்

2025 ஏப்ரல் முடிந்து மே பிறக்கும் வாரம். பாதுகாப்புச் சோதனைக்குப் பயன்படும் காளி லினக்ஸை வைத்திருந்தவர்கள் டெர்மினலைத் திறந்து, கை பழகிய வேகத்தில் ‘சுடோ ஆப்ட் அப்டேட்’ என்று அடித்தார்கள். மளமளவென்று ஓடவேண்டிய வரிகள் நின்றுபோயின. கையொப்பத்தைச் சரிபார்க்கத் தேவையான சாவி என்னிடம் இல்லை என்றது கணினி. எந்தச் சாவி என்பதற்கு அடையாளமாக, எழுத்தும் எண்ணும் கலந்த 40 குறிகளையும் காட்டியது. வாயில் நுழையாத குறிகள்.

இப்படி ஒரு செய்தி வந்தால் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். அதை அப்படியே நகலெடுத்துத் தேடுபொறியில் போடுவோம். எவரோ எங்கோ எழுதிவைத்த கட்டளையை எடுத்து ஒட்டி என்டர் தட்டுவோம். செய்தி மறைந்துவிடும், நிம்மதி. நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். ஒரு சிறிய அலுவலகத்தில் சர்வர் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், இரவு பதினோரு மணிக்கு இதேபோல ஒரு சாவிப் புகார் வந்தது. மென்பொருள் வந்திறங்கும் கிடங்கான ரெப்போவைக் குறிக்கும் வரியில் ‘டிரஸ்டட்=எஸ்’ என்று சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். எதையும் சரிபார்க்காதே, வருவதையெல்லாம் நம்பு என்று அதற்குப் பொருள். அந்தச் சொல் அங்கேயே இரண்டு வருடம் இருந்தது. பூட்டு மக்கர் செய்கிறது என்று கதவையே கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்த கதை.

அந்த வாரம் காளி பயனர்களின் கணினிகள் ‘இல்லை’ என்று சொன்னது ஒரு புதிய சாவியை. அது எதற்குப் புதிதாக வந்தது என்றால், பழைய சாவியை உரியவர்களே தொலைத்துவிட்டார்கள். நான் சொல்லப்போவது அந்தப் பழைய சாவியின் கதையை. 2012 மார்ச்சில் பிறந்து, 13 ஆண்டு உழைத்து, ஒருநாள் காணாமல்போன சாவி அது.

‘சாவி’ என்ற சொல்லே கொஞ்சம் வழி தவற வைக்கும். இது எதையும் திறப்பதில்லை. வங்கியில் கணக்கு தொடங்கும்போது மாதிரிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிறார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். காசோலை வந்ததும் கவுன்ட்டரில் இருப்பவர் அந்த மாதிரியை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். இங்கே ரகசியச் சாவி என்பது கையெழுத்துப் போடும் கை. பொதுச் சாவி என்பது வங்கியில் இருக்கும் மாதிரி அட்டை. கை ஒரே இடத்தில், காளி குழுவிடம். அட்டை, காளி நிறுவிய ஒவ்வொரு கணினியிலும். காகிதக் கையெழுத்தில் மாதிரியைப் பார்த்து எவனாவது போலியாகப் போட்டுவிட முடியும். இதில் முடியாது. அட்டையை வைத்துச் சரிபார்க்க மட்டுமே வழி உண்டு. அதோடு, கையெழுத்து ஆவணத்துக்கு ஆவணம் மாறும். ஆவணத்தில் ஓர் எழுத்து மாறினாலும் பழைய கையெழுத்து பொருந்தாது.

இதைப் பிடித்துக்கொண்டால் திரையில் வரும் முணுமுணுப்புகளில் பாதி தெளிவாகிவிடும். ‘நோ பப்கீ’ என்றால், காசோலை வந்திருக்கிறது, இவருடைய மாதிரி அட்டை என் கோப்பில் இல்லை. ‘எக்ஸ்ப்கீசிக்’ என்றால் அட்டை இருக்கிறது, அதில் போட்டிருக்கும் தேதி முடிந்துவிட்டது. ‘பேட்சிக்’ என்றால் அட்டையும் இருக்கிறது, தேதியும் சரி, கையெழுத்து பொருந்தவில்லை. முதல் இரண்டும் பெரும்பாலும் வீட்டு வேலை மாதிரி, கவனித்தால் தீரும். மூன்றாவதற்கும் பல நேரம் அப்பாவிக் காரணங்கள் உண்டு. மிரர் எனும் நகல் கிடங்கு பாதி புதுப்பித்த நிலையில் இருந்திருக்கலாம், வழியில் இருக்கும் ப்ராக்ஸி பழைய கோப்பைக் கொடுத்திருக்கலாம். ஆனாலும் ‘பேட்சிக்’ வந்தால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதே நல்லது. அதை மீறிப் போக எந்தக் கட்டளையும் வேண்டாம்.

சரிபார்க்கலாம், போலி செய்ய முடியாது என்ற இந்த விந்தைக்கு அடித்தளமான பொதுச் சாவி எண்ணத்தை முதலில் கண்டவர்கள் அதை வெளியே சொல்ல முடியாதவர்கள். பிரிட்டிஷ் உளவு அமைப்பான ஜிசிஹெச்க்யூவில் ஜேம்ஸ் எல்லிஸ் 1970 வாக்கில் பொதுச் சாவி என்ற எண்ணத்தை எழுதினார். 1973-ல் கிளிஃபர்ட் காக்ஸ் என்ற இளம் கணிதர் அதற்கு வழி கண்டார். 1997 வரை அது அரசு ரகசியம். அதற்குள் அமெரிக்காவில் டிஃபியும் ஹெல்மனும் 1976-ல் பொதுச் சாவி முறையையும், அடுத்த ஆண்டு ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மேன் மூவரும் ஆர்எஸ்ஏவையும் தாங்களாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்கி வந்ததை மறுபடி பிரிப்பது மகா கடினம் என்பதுதான் ஆர்எஸ்ஏவின் ஆதாரம்.

அதைச் சாமானியர் கைக்குக் கொண்டுவந்தவர் ஃபில் சிம்மர்மன். 1991-ல் பிஜிபி என்ற மென்பொருளை இலவசமாக விட்டார். அது கடல் கடந்து பரவியதும், ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தை மீறினாரா என்று அமெரிக்க அரசு அவர்மீது விசாரணை தொடங்கியது. சில ஆண்டுகள் இழுத்து 1996 ஜனவரியில் வழக்குப் போடாமலே கைவிட்டது. அந்த இடைவெளியில் எம்ஐடி பிரஸ் பிஜிபியின் மூல நிரலை முழுவதும் அச்சிட்டுப் புத்தகமாகவே வெளியிட்டது. மென்பொருள் ஏற்றுமதிக்குத் தடை உண்டு, புத்தகத்துக்கு இல்லை! இந்தக் குசும்பை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

லினக்ஸ் உலகம் பயன்படுத்தியது பிஜிபியை அல்ல, அதன் சுதந்திர உறவினரான ஜிபிஜியை. ஜெர்மனியைச் சேர்ந்த வெர்னர் கோஹ் 1997 இறுதியில் எழுதத் தொடங்கி, 1999 செப்டம்பரில் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டார். பிறகு வருடக்கணக்கில் ஏறக்குறைய தனி ஆளாக அதைப் பார்த்துக்கொண்டார், கையில் காசில்லாமல். 2015 பிப்ரவரியில் ஒரு செய்திக் கட்டுரை அவர் நிலையை வெளியே சொன்ன பிறகுதான் நன்கொடைகள் குவிந்தன. உலகத்து சர்வர்களில் பெரும்பகுதி யாருடைய உழைப்பின் மேல் நின்றதோ, அவருக்கு அதுவரை சம்பளம்கூட ஒழுங்காக இல்லை.

நம் சாவி அந்த ஜிபிஜி பரம்பரையில் வந்த 4096 பிட் ஆர்எஸ்ஏ சாவி. நடுவில் இருக்கும் எண்ணைத் தாளில் எழுதினால் 1,230 இலக்கத்துக்கு மேல் போகும். அது பிறந்தபோது அதற்கு வேலையே இல்லை. பாதுகாப்புச் சோதனைக்காரர்கள் அப்போது பயன்படுத்தியது பேக்ட்ராக். அதைத் தயாரித்த அஃபென்சிவ் செக்யூரிட்டி, பழையதை அப்படியே விட்டுவிட்டு, டெபியன் மேல் புதிதாகக் கட்டி 2013 மார்ச் 13-ல் வெளியிட்டதுதான் காளி. வீடு கட்டி முடிக்க ஒரு வருடம் முன்பே முத்திரை தயாராக இருந்தது என்று சொல்லலாம்.

டெபியன் என்பது பெரிய குடும்பம். உபுண்டு அதன் வாரிசு, லினக்ஸ் மின்ட் உபுண்டுவின் வாரிசு. தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் இருந்த ‘பாஸ்’ லினக்ஸும், சி-டாக் டெபியனிலிருந்து உருவாக்கியதுதான். ஆகவே இந்தச் சாவியின் அன்றாட வேலையை அறிந்தால் குடும்பம் முழுவதற்கும் பொருந்தும்.

என்ன வேலை? பலர் நினைப்பதுபோல ஒவ்வொரு பேக்கேஜிலும் இந்தச் சாவி கையெழுத்துப் போடுவதில்லை. ரெட் ஹேட், ஃபெடோரா வழியில் வந்தவை ஆர்பிஎம் பொதி ஒவ்வொன்றிலும் போடும். டெபியன் வழியில் வேறு ஏற்பாடு. டெபியன் 12-ல் மட்டும் 64,000-க்கு மேற்பட்ட பேக்கேஜுகள். ஒவ்வொன்றின் ஹேஷும் ‘பேக்கேஜஸ்’ என்ற பட்டியலில் பதிவாகும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை, 64 குறிகள் கொண்டது. அந்தப் பட்டியல்களின் கைரேகைகள் ‘ரிலீஸ்’ என்ற ஒரு சிறு கோப்பில் பதிவாகும். சாவி கையெழுத்துப் போடுவது அந்த ஒரு கோப்பில். அவ்வளவுதான். நீங்கள் அப்டேட் கொடுத்ததும் கணினி முதலில் இந்தச் சிறு கோப்பை வாங்கி, கையெழுத்தைப் பார்க்கிறது. கையெழுத்து சரியென்றால் அதிலுள்ள கைரேகைகளை நம்பிப் பட்டியலைச் சரிபார்க்கிறது. பட்டியலை நம்பி, பிறகு இறங்கும் ஒவ்வொரு பொதியையும் சரிபார்க்கிறது. மேலே ஒரே ஒரு முடிச்சு. அது அவிழ்ந்தால் கீழே தொங்கும் அத்தனையும் கேள்விக்குறி. அதனால்தான் ஒரு சாவி இல்லை என்றதும் ‘இன்னின்ன பேக்கேஜில் சிக்கல்’ என்று சொல்லாமல் ரெப்போ முழுவதையும் கணினி ஒதுக்கிவைக்கிறது.

இவ்வளவு சந்தேகம் எதற்கு என்று கேட்கலாம். நேராக அவர்கள் சர்வரிலிருந்துதானே இறங்குகிறது? இல்லை. இறங்குவது மிரரிலிருந்து. பல்கலைக்கழகங்கள், நெட் நிறுவனங்கள், ஆர்வலர்கள் என்று உலகெங்கும் பலர் தங்கள் செலவில் வைத்திருக்கும் நகல் கிடங்குகள் அவை. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் ஒரு சோதனை செய்தார்கள். இல்லாத ஒரு நிறுவனத்தின் பெயரில், இல்லாத ஒரு நிர்வாகியின் பெயரில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, நாங்களும் மிரர் நடத்துகிறோம் என்று விண்ணப்பித்தார்கள். உபுண்டு, ஃபெடோரா, ஓபன்சூசே, சென்ட்ஓஎஸ், டெபியன் என ஐந்தும் பட்டியலில் சேர்த்துக்கொண்டன. ஆயிரக்கணக்கான கணினிகள் வந்து அவர்களிடமிருந்து மென்பொருள் எடுத்துப்போயின.

இதைப் படித்து மிரரைக் கைவிட வேண்டியதில்லை. மிரரை யாரும் நம்பத் தேவையில்லாதபடி செய்ததுதான் கையொப்பம். வண்டிக்காரன் யாராக இருந்தால் என்ன, மூட்டையின் அரக்கு உடையாமல் வந்தால் போதும். ஆனாலும் ஓர் ஓட்டை இருந்தது. கெட்டவன் பொதியை மாற்ற வேண்டாம், நேற்றைய நல்ல பட்டியலையே மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தால் போதும். கையெழுத்து சரியாகவே இருக்கும். புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் உங்களை வந்து சேரா. இதற்காகத்தான் சில ரெப்போக்களின் ரிலீஸ் கோப்பில் ‘இந்தத் தேதிவரை செல்லும்’ என்று ஒரு வரி இருக்கிறது. ‘ரிலீஸ் கோப்பு காலாவதியாகிவிட்டது’ என்று எப்போதாவது செய்தி வந்தால், சாவியைக் குறை சொல்வதற்குமுன் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி செத்த பழைய கணினிகளில் நானே மூன்று முறை இதில் ஏமாந்திருக்கிறேன்.

ரகசியச் சாவி இருந்த இடத்திலேயே இருந்து உழைக்க, ஊர் சுற்றியது அதன் பொதுப் பாதி. அது நிறுவல் ஐஎஸ்ஓவுக்குள் ஏறி, பென்டிரைவில் இறங்கி, கணினியின் ‘கீரிங்’ கோப்பில் போய் உட்கார்ந்தது. பயணத்திலேயே நுட்பமான இடம் இது. மாதிரி அட்டையை வங்கிக்கு யார் கொண்டுவந்து கொடுத்தார்? அதை நம்புவது எப்படி? முதல் தடவைக்கு வேறு வழியே இல்லை, ஐஎஸ்ஓ எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தை நம்புகிறீர்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள் கை வைத்தது இந்த இடத்தில்தான். பதிவிறக்க இணைப்பை மாற்றி, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். அன்று அதை எடுத்து நிறுவியவர்களின் கணினியில், எந்தச் சாவிச் செய்தியும் அவர்களைக் காப்பாற்றியிருக்க முடியாது. காவல்காரனே மாற்றப்பட்டுவிட்டான்.

முதல் அறிமுகம் முடிந்துவிட்டால் அப்புறம் எல்லாம் பரம்பரை வழி. டெபியனில் ஒவ்வொரு பெரிய வெளியீட்டுக்கும் புதிய சாவி உருவாகிறது. அதன் பொதுப் பாதியை ‘ஆர்க்கைவ் கீரிங்’ என்ற பேக்கேஜில் வைத்து அனுப்புவார்கள். அந்தப் பேக்கேஜ் வந்து சேர்வது பழைய சாவியின் கையெழுத்தின்கீழ். அதாவது, பழையவர் ஓய்வுபெறும் முன் ‘இனி இவர் கையெழுத்தும் செல்லும்’ என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஒழுங்காக அப்டேட் செய்துகொண்டிருக்கும் கணினி இந்தக் கைமாற்றத்தை உணர்வதேயில்லை. ஆறு வருடம் அலமாரியில் கிடந்த மடிக்கணினியைத் தூசி தட்டி எடுத்து அப்டேட் கொடுத்தால் ‘நோ பப்கீ’ வருவது இதனால்தான். அது தூங்கிக்கொண்டிருந்தபோது பட்டாபிஷேகம் நடந்து முடிந்துவிட்டது.

நம் சாவி இளவயதில் ஒருமுறை செத்துப் பிழைத்தது. சாவிகளுக்குக் காலாவதித் தேதி போடுவது வழக்கம். அந்தத் தேதி நெருங்கும்போது உரிமையாளர் அதே சாவியின் ஆயுளை நீட்டித்து, நீட்டித்த அட்டையை நேரத்தோடு எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். 2018-ல் காளி குழு இதைத் தவறவிட்டது. உலகெங்கும் ‘எக்ஸ்ப்கீசிக்’. சாவிக்கு ஒன்றும் ஆகவில்லை, உரிமம் புதுப்பிக்க மறந்த ஓட்டுநர் போலத்தான். ஆனால் பயனர்கள் கையால் புதிய அட்டையை எடுத்துப் போட வேண்டியிருந்தது. காளியின் இந்தச் சறுக்கலைப் பெரிய குற்றமாக நான் நினைக்கவில்லை. தேதியை மறக்காத அலுவலகம் ஏது?

அந்த வருடங்களில் சுற்றிலும் சட்டங்கள் இறுகிக்கொண்டே வந்தன. பழைய ஹேஷ் முறையான ‘எஸ்ஹெச்ஏ-1 பலவீனமானது’ என்று, அப்டேட் செய்யும் கருவியான ஆப்ட் 2016-ல் முணுமுணுக்க ஆரம்பித்தது. அடுத்த பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐயும் கூகுளும் ஒரே எஸ்ஹெச்ஏ-1 கைரேகை கொண்ட இரண்டு வெவ்வேறு பிடிஎஃப்களைச் செய்து காட்டின. உபுண்டு 24.04 வந்தபோது 1024 பிட் ஆர்எஸ்ஏ சாவிகளைப் பார்த்து முகம் சுளித்தது. டெபியன் 13-ல் ஜிபிஜிக்குப் பதிலாக செக்வோயா குடும்பத்தின் ‘எஸ்க்யூவி’ சரிபார்க்கிறது. 2026 பிப்ரவரி 1-க்குப் பிறகு எஸ்ஹெச்ஏ-1-ஐ அது ஏற்பதில்லை. நேற்றுவரை சரியாக இருந்த ஏதோ ஒரு பழைய நிறுவனத்தின் ரெப்போ இன்று திடீரென்று முரண்டு பிடித்தால், உங்கள் பக்கம் எதுவும் கெட்டுப்போகவில்லை. அவர்கள் சாவிக்கு வயதாகிவிட்டது.

‘சாவி பழைய டிரஸ்டட் ஜிபிஜி கோப்பில் இருக்கிறது’ என்ற எச்சரிக்கையைப் பலர் பார்த்திருப்பீர்கள். உபுண்டு 22.04 முதல் அதன் நச்சரிப்பு அதிகம். அது எரிச்சலூட்டினாலும் அதில் நியாயம் இருக்கிறது. முன்பெல்லாம் ‘ஆப்ட்-கீ’ கட்டளை எந்தச் சாவியைக் கொடுத்தாலும் ஒரே கொத்தில் கோத்துவிடும். கொத்தில் உள்ள எந்தச் சாவியும் எந்த ரெப்போவுக்கும் செல்லும். ஒரு பாட்டுப் பிளேயருக்காக நீங்கள் சேர்த்த சாவி, லினக்ஸ் கர்னலுக்கே கையெழுத்துப் போடலாம் என்று பொருள். வீட்டில் பால் போடுபவருக்குக் கேட் சாவி கொடுப்பது சரி, பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுப்போமா? அதனால் ‘ஆப்ட்-கீ’யை ஓரங்கட்டி, டெபியன் 13-ல் எடுத்தே விட்டார்கள். இப்போது ஒவ்வொரு சாவியும் தனிக் கோப்பில் இருக்க வேண்டும். எந்த ரெப்போவுக்கு எந்தச் சாவி என்று ‘சைன்ட்-பை’ வரியில் எழுத வேண்டும்.

சாவியைக் காப்பவர்கள் பயப்படுவது திருட்டுக்கு. 2008 ஆகஸ்டில் ரெட் ஹேட் கணினிகளுக்குள் புகுந்தவர் சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. அது இருந்த இடத்திலேயே சில ஓபன்எஸ்எஸ்ஹெச் பொதிகளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதே சமயம் ஃபெடோராவின் கணினிகளிலும் ஊடுருவல் தெரிய, அவர்கள் முன்னெச்சரிக்கையாகத் தங்கள் சாவியையே மாற்றினார்கள். கை நம்முடையதாக இருந்தும் போட்டது வேறொருவன் என்ற நிலை.

அதைவிடக் கசப்பான ஒன்று நம் சாவிக்கே நேர்ந்தது, 2024 மார்ச்சில். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளைப் பார்த்துக்கொள்ள, ‘ஜியா டான்’ என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டாண்டுக்கு மேல் பொறுமையாக உழைத்து நம்பிக்கை பெற்றிருந்தார். 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அவர் பின்கதவு வைத்தார். அந்தப் பதிப்புகளில் இருந்தது அவருடைய உண்மையான கையெழுத்து. டெபியனின் சோதனைப் பிரிவு வழியாக அது காளிக்கும் வந்தது. மார்ச் 26 முதல் 29 வரை அப்டேட் செய்த காளி கணினிகளில் அது ஏறியது. நம் சாவி தன் வேலையை வழுவில்லாமல் செய்தது. கையெழுத்து சரி, கைரேகைகள் சரி, வழியில் எவரும் தொடவில்லை. மூட்டைக்குள் இருந்ததுதான் நஞ்சு. அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். எஸ்எஸ்ஹெச் நுழைவுக்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று அவர் நோண்டிப் பார்த்ததால் உலகம் தப்பியது. யார் அனுப்பினார், வழியில் மாறியதா என்ற இரண்டு கேள்விக்குத்தான் சாவியிடம் பதில் உண்டு. அனுப்பியவர் நல்லவரா என்பது அதன் பாடத்திட்டத்தில் இல்லை.

கடைசியில் அதைக் கொன்றது திருடனுமில்லை, கணிதமுமில்லை. 2025 ஏப்ரல் 18, வெள்ளிக்கிழமையோடு காளி ரெப்போவுக்குப் புதிய பேக்கேஜ் வருவது நின்றது. பத்து நாள் கழித்து, 28-ம் தேதி, குழு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது: சாவியைப் பயன்படுத்தும் வழியை இழந்துவிட்டோம், தவறு முழுக்க எங்களுடையது, வரும் நாட்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அப்டேட் நின்றுபோகும். சாக்குப்போக்கு இல்லாத அறிவிப்பு. பெரிய நிறுவனங்களிடம் நான் அதிகம் பார்க்காத வகை.

திருட்டுக்கும் தொலைவதற்கும் இங்கே பெரிய வித்தியாசம். திருடுபோனால் சாவியை ரத்து செய்து அறிவிக்க வேண்டும், அதன் பழைய கையெழுத்துகள்மேலும் சந்தேகம் விழும். தொலைந்தால் பழைய கையெழுத்துகளுக்கு ஒரு குறையுமில்லை. புதிதாகப் போட முடியாது, அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ வாரிசுரிமையை அறுத்துவிடுகிறது. ‘இனி இவர் கையெழுத்து செல்லும்’ என்று எழுதிக் கொடுக்கப் பழைய கை இல்லை. உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்த பெரியவர் வீட்டில் வாரிசுச் சான்றிதழுக்கு அலைகிற கதை.

சாட்சிகளைத் தேடினார்கள். புதிய சாவியை உருவாக்கி, காளி டெவலப்பர்கள் சிலர் தங்கள் சொந்தச் சாவிகளால் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். பொதுச் சாவிகளை எல்லோரும் எடுக்க வைத்திருக்கும் உபுண்டுவின் கீ சர்வரிலும் வைத்தார்கள். புதிய கீரிங் உள்ளே இருக்கும்படி 2025.1சி என்ற பெயரில் நிறுவல் கோப்புகளைத் திரும்ப வெளியிட்டார்கள். ஏற்கெனவே காளி வைத்திருந்தவர்கள், காளி தளத்திலிருந்து கீரிங் கோப்பைத் தாங்களே இறக்கி, உரிய இடத்தில் வைக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு கட்டளைதான். ஆனால் அந்தக் கட்டளையை அடித்த ஒவ்வொருவரும் மறுபடி முதல் நாளுக்குப் போய், ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று தன் பொறுப்பில் சொல்ல வேண்டியிருந்தது.

சாவி கையைவிட்டுப் போனாலும் அதை ரத்தாவது செய்ய முடிய வேண்டும் என்று டெபியன் குழு ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. காப்பகச் சாவியை ரத்து செய்யும் சான்றிதழைத் துண்டுகளாகப் பிரித்து, பல டெவலப்பர்களிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்து வைக்கிறார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கையினர் துண்டுகளோடு ஒன்றுகூடினால்தான் முழுமை பெறும். ஓரிருவர் தொலைத்தாலும் மீட்கலாம், ஓரிருவர் கெட்டவராக இருந்தாலும் தனியே ஒன்றும் செய்ய முடியாது. இந்தக் கணக்கை 1979-ல் எழுதியவர் அடி ஷமிர், ஆர்எஸ்ஏவில் ‘எஸ்’ ஆக நிற்பவர்.

ஆகவே அடுத்த முறை உங்கள் திரையில் சாவிச் செய்தி வந்தால், யாருடைய சாவி என்று முதலில் படியுங்கள். அந்த ரெப்போவை நீங்கள்தான் சேர்த்தீர்களா, இன்னும் தேவையா என்று பாருங்கள். தேவையில்லை என்றால் வரியை அழித்துவிடுங்கள், சாவியும் வேண்டாம். தேவை என்றால் உரியவரின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். 40 குறிகளையும் ஒப்பிடுங்கள். கடைசி 8 குறிகளை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 2016-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் பெயரிலேயே, கடைசி 8 குறிகள் அச்சாகப் பொருந்தும் போலிச் சாவி கீ சர்வர்களில் உலவியது. எவரோ கொடுத்த ‘டிரஸ்டட்=எஸ்’ உங்கள் கணினியில் எங்காவது கிடக்கிறதா என்றும் இன்றே ஒருமுறை தேடிவிடுங்கள். என்னுடையதை நான் எடுத்துவிட்டேன்.

பழைய சாவியின் பொதுப் பாதியைக் காளியின் கீரிங்கிலிருந்து யாரும் நீக்கவில்லை. புதியதோடு சேர்ந்து அதே கோப்பில் இன்னும் இருக்கிறது.